வலது கையால் ஊற்றிய காப்பி

என் கணவரின் வலது கை பிரஸ் மெஷினில் சிக்கியபோது நான் தேர்வாய் கண்டிகையில் எங்கள் தொழிற்சாலை லைனில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் கம்பெனியில் கைபேசியை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவருடைய தொழிற்சாலையிலிருந்து என்னைப் பல முறை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் எங்கள் ஆபீஸ் எண்ணைத் தேடிப் பிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். சூப்பர்வைசர் என் பக்கத்தில் வந்து நின்று, "அக்கா, கிளவுஸ கழட்டிட்டு வாங்க" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. உயிர்தான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டே கேட் வரைக்கும் ஓடினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை, மற்ற விரல்களுக்குப் போகும் நரம்பைத் தைத்திருக்கிறோம், எவ்வளவு திரும்பி வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதிதான். இரண்டு விரலோடு போயிற்றே என்று. அந்த நிம்மதிக்காகப் பிறகு பல நாள் வெட்கப்பட்டிருக்கிறேன். ஏனென்றால் அவருக்கு அது இரண்டு விரல் இல்லை.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் அவரும் கூலி வேலை பார்த்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். எங்கள் இரண்டு பேருடைய அப்பாக்களும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். முதன்முதலில் தொழிற்சாலைக்குள் போனது நாங்கள்தான். அவருக்குத் தன் வேலைமேல் பெருமை உண்டு. தகட்டைத் தொட்டுப் பார்த்தே எவ்வளவு கனம் என்று சொல்லிவிடுவார். அந்தக் கையை இப்போது துண்டுக்குள் மறைத்து வைத்துக்கொண்டார். சாப்பிடும்போது ஸ்பூனை இடது கையில் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவார். கல்யாணம், ஞானஸ்நானம் என்று யார் கூப்பிட்டாலும் போகமாட்டார். போனால் பந்தியில் உட்கார வேண்டும். பந்தியில் எந்தக் கையால் சாப்பிடுவது?

வாரம் ஒரு தடவை ரயிலில் சென்னைக்குப் போய்க் கைப் பயிற்சி எடுத்துக்கொண்டோம். பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண், என் மகளைவிட நாலைந்து வயதுதான் பெரியவளாக இருப்பாள். களிமண் மாதிரி ஒன்றைக் கொடுத்துப் பிசையச் சொல்வாள். பட்டாணியைக் கட்டை விரலாலும் மோதிர விரலாலும் எடுத்துக் கிண்ணத்தில் போடச் சொல்வாள். "சார், வீட்டுலயும் செய்யணும். எல்லாத்தையும் இடது கைக்கே குடுத்துட்டீங்கன்னா இந்தக் கை அப்டியே நின்னுடும்" என்றாள். அவர் தலையாட்டுவார். வீட்டுக்கு வந்ததும் துண்டுக்குள் போய்விடும் அந்தக் கை.

எங்கள் மகள் பி.காம் முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு காப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மெஷின் காப்பி ஒரு பக்கம்; இன்னொரு பக்கம், வாடிக்கையாளர் கண்ணெதிரே கையால் வெந்நீர் ஊற்றி இறக்கித் தருகிற காப்பி. அந்தக் கவுன்ட்டருக்கு ஓர் ஆள் எடுக்கப்போகிறார்கள், தேர்வு வைப்பார்கள் என்று சொல்லி, கடையில் ஒதுக்கிவைத்த பழைய கெட்டில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதன் மூக்கு ஒல்லியாக, கொக்கின் கழுத்துபோல வளைந்திருந்தது. கூடவே ஒரு பீங்கான் புனல், அதில் போடுகிற வடிகட்டிக் காகிதம், குட்டித் தராசு, காப்பிக்கொட்டையைக் கையால் சுற்றி அரைக்கிற மில். எங்கள் பிளாஸ்டிக் டேபிளில் இவற்றைப் பரப்பிக்கொண்டு, லீவு நாளெல்லாம் வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பழகினாள்.

"தண்ணி ஊத்தறதுக்கு ஒரு பரீட்சையா?" என்று நான் கேட்டேன்.

"உக்காருமா. ரெண்டு கப்பு தரேன். நீயே சொல்லு" என்றாள்.

ஒரே தூள், ஒரே எடை, ஒரே சூடு. முதல் கப்புக்குப் புனல் நிறையத் தண்ணீரை ஒரேயடியாகக் கொட்டினாள். இரண்டாவதற்கு முதலில் தூள் நனைகிற அளவு மட்டும் ஊற்றிவிட்டு நிறுத்தினாள். தூள் உப்பி எழுந்தது. மேலே சின்னச் சின்னக் குமிழ்கள் வெடித்தன.

"உள்ள இருக்கிற காத்து வெளிய போவுது. அது அடங்கறவரிக்கும் கம்முனு இருக்கணும். அப்புறம் நடுவுலேருந்து சின்ன வட்டமா சுத்திக்கினே ஊத்தணும். பேப்பர் மேல பட்டா தண்ணி தூள தொடாமயே ஓரமா வழிஞ்சி பூடும். ஒசரத்துலேருந்து ஊத்தினா தூள் கலங்கிப் பொடியெல்லாம் அடிக்குப் போய் பேப்பர அடைச்சிக்கும். அப்ப தண்ணி எறங்காம நிக்கும், கசக்கும்."

பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல் நான் காப்பி குடித்ததே இல்லை. முதல் கப்பு வாயில் வைத்ததும் தண்ணீராக இருந்தது, விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் கசந்தது. இரண்டாவதில் சர்க்கரை போடாமலே லேசான இனிப்பு இருந்தது. ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் வருமே, அப்படி ஒரு வாசனை கடைசியில் வந்தது. நான் இரண்டு கப்பையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தேன். என் வேலை குவாலிட்டி பார்ப்பது. ஒரே டை அச்சு, ஒரே தகடு, ஆனால் ஆள் மாறினால் பொருள் மாறும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், தண்ணீர் விழுகிற விதத்தில் இவ்வளவு வித்தியாசம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

அவர் கட்டிலில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் மதியம் கடைக்குக் கிளம்பினால் ராத்திரிதான் திரும்புவாள், காலையில் எட்டு மணிவரை தூங்குவாள். எனக்கு முதல் ஷிப்டு. ஆறேகாலுக்குத் தெருமுனையில் கம்பெனி பஸ் வந்துவிடும். ஒரு நாள் காலை நான் குளித்துவிட்டு வந்தபோது, அவர் டேபிள் முன்னால் நின்றுகொண்டு கெட்டிலை வலது கையில் பிடித்திருந்தார். கட்டை விரலும் கடைசி இரண்டு விரல்களும் கைப்பிடியைச் சுற்றியிருந்தன. வெளுத்துப்போயிருந்தன. தண்ணீர் நூலாக விழாமல் விட்டு விட்டுக் குதித்தது. தூள் காகிதத்தின் ஓரத்தில் சிதறி ஏறி ஒட்டிக்கொண்டது; நடுவில் ஒரு குழி விழுந்திருந்தது. அந்தக் குழி வழியாக மொத்தத் தண்ணீரும் இறங்கிப்போயிற்று.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். விபத்துக்குப் பிறகு அந்தக் கை தானாக ஒரு வேலையை எடுத்துச் செய்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் கப்பை என்னிடம் நீட்டினார். மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கியிருந்ததால் காப்பி கூடாது என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். நான்தான் குடித்துப் பார்க்க வேண்டும்.

"எப்டி கீது?"

வெந்நீரில் எலுமிச்சைத் தோலை ஊறவைத்தது போலப் புளித்தது. வேறு ருசியே இல்லை.

"நல்லா கீதுங்க" என்றேன்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மறுநாளும் ஊற்றினார், அதற்கு மறுநாளும். ஆறு மணிக்குக் கப்பு என் கைக்கு வந்துவிடும். ஒருநாள் புளிக்கும், ஒருநாள் கசக்கும், ஒருநாள் தண்ணீர் இறங்காமல் சேறுமாதிரி நின்று ஆறிப்போய் வரும். நான் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, நல்லா கீது என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவேன். லைனில் போய் நின்றதும் ஒரு பீஸைக் கையில் எடுத்து, மயிரிழை பிசிறு தெரிந்தாலும் கழிவுக்கான சிவப்புப் பெட்டியில் போடுவேன். "அக்கா, இதுல இன்னா இருக்குது?" என்று அந்தப் பீஸை அடித்த பெண் கெஞ்சுகிற மாதிரி கேட்டாலும் போடுவேன். பதினோரு வருடமாக அந்த வேலையைச் செய்கிறேன். ஒருவர் முகத்தைப் பார்த்து ஒரு பீஸைக்கூட நான் பாஸ் பண்ணியதில்லை.

வீட்டில் தினமும் பாஸ் பண்ணினேன். அந்தக் கை திரும்பத் துண்டுக்குள் போய்விடுமோ என்ற பயம்தான். அப்போது அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் போயிற்று. மகளுக்குக் கடையில் தேர்வு வைத்த நாள் வந்தது. அன்று அவள் காலையிலேயே போக வேண்டியிருந்ததால் எங்களோடு எழுந்துவிட்டாள். எனக்கு வார லீவு. அப்பா ஊற்றுகிறார் என்பது அவளுக்குத் தெரியும், குடித்துப் பார்த்ததில்லை. அவர் அன்று அவளுக்கும் சேர்த்து ஒரு கப்பு இறக்கினார். கொஞ்சம் பெருமையாகவே நீட்டினார் என்று தோன்றுகிறது.

அவள் மோந்து பார்த்தாள். ஒரு வாய் குடித்தாள். புனலை எட்டிப் பார்த்தாள். தேர்வு நினைப்பிலேயே இருந்திருப்பாள். கடையில் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"அப்பா, நடுவுல குழி வுழுந்திருக்குது பாரு. தண்ணியெல்லாம் அதுலயே பூட்டிருக்குது. ஓரத்துல இருக்கிற தூளு பாதி காஞ்சே கீது. அதான் இப்டி புளிக்குது."

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"உங்கம்மா நல்லா கீதுன்னுதான சொல்லிக்கினு இருந்தா" என்றார்.

அவர் அவள் கையிலிருந்த கப்பை வாங்கி, டாக்டர் சொன்னதையும் மீறி ஒரு வாய் குடித்தார். முகம் சுளிக்கவில்லை. மெதுவாக விழுங்கிவிட்டுக் கப்பைக் கீழே வைத்தார்.

"எத்தினி நாளா இப்டி கீது?"

"நீங்க மனசு வுட்டுடக் கூடாதுன்னுதாங்க..."

"எத்தினி நாளா?"

"மொதல் நாளுலேருந்து" என்றேன்.

அவர் கத்துகிற ஆள் இல்லை. அன்றும் கத்தவில்லை. "கம்பெனிலேருந்து வரவன்லாம் நல்லாயிடும் நல்லாயிடும்னு சொல்லிட்டுப் போறான். டாக்டரும் இப்பல்லாம் அதையேதான் சொல்றாரு. சர்ச்சுலயும் அதான். எவனும் கைய பாத்து சொல்றதில்ல, மூஞ்ச பாத்து சொல்றான். நீ ஒருத்திதான் பாத்து சொல்றவன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

இதைச் சொல்லிவிட்டு அவர் எழுந்து மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டார். மகளின் கண் கலங்கிவிட்டது. "நான் சொல்லாம இருந்திருக்கணுமாமா?" என்று கேட்டாள். "இல்ல பாப்பா. நான் சொல்லியிருக்கணும். நீ கெளம்பு, ரயிலுக்கு நேரமாச்சி" என்று அனுப்பிவைத்தேன். அந்த மனநிலையோடு போய்த்தான் அவள் அன்றைக்குத் தேர்வில் ஜெயித்தாள். எங்களால் அதைச் சரியாகக் கொண்டாடக்கூட முடியவில்லை.

மறுநாள் காலை கெட்டில் டேபிளில் இல்லை. சமையலறையில் மேல் தட்டில், சட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. கை துண்டுக்குள் இருந்தது. நான் டீ போட்டுக் கொடுத்தேன். இடது கையால் வாங்கிக் குடித்தார். பேச்சு இருந்தது. தண்ணி வந்துச்சா, கேஸ் புக் பண்ணியா என்று தேவையான அளவுக்கு. பயிற்சிக்குப் போகும் நாளில் வயிறு சரியில்லை என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார்.

மூன்று வாரம் அப்படிப் போயிற்று. வேலையில் ஒரு பீஸைச் சிவப்புப் பெட்டியில் போட்டபோது, அதை அடித்த பெண் என்னிடம் வந்து, "எந்த எடத்துலன்னு காட்டுங்கக்கா, நாளைக்கி சரியா பண்ணிடறேன்" என்றாள். காட்டினேன். அவள் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். பிசிறு இருக்கிறது என்று சொன்னதால் அவள் உடைந்துபோகவில்லை. எங்கே என்று தெரிந்துகொண்டு போனாள். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, நான் குடித்த ஒவ்வொரு கப்பையும் ஞாபகப்படுத்திப் பார்த்தேன். நாக்கு மறக்கவில்லை. கிட்டத்தட்ட எல்லாமே ஞாபகம் இருந்தது.

வீட்டுக்குள் போய்ப் பையைக்கூட இறக்கி வைக்காமல் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"மொதல் வாரம் முழுக்கப் புளிப்பு. வெறுந்தண்ணி மாரி இருந்துச்சி" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டாவது வாரம் கசப்பு. கெட்டில ஒசரத் தூக்கிக்கினு ஊத்தினீங்க, தூளு கலங்கிக்கிச்சி. ஒருநாள் எறங்கவே இல்ல, ஆறிப்போச்சி. அதுக்கப்புறம் ஒருநாள் புளிப்பு, ஒருநாள் கசப்பு. சில நாளு ஒரே கப்புலயே ரெண்டும்."

"போதும்" என்றார்.

"இன்னும் ஒண்ணு கீது. போன மாசத்துல ஒரு வெள்ளிக்கெழம நல்லா இருந்துச்சி. நெசமாவே நல்லா இருந்துச்சி. பாப்பா ஊத்தற மாரியே. அன்னிக்கும் நல்லா கீதுன்னுதான் சொன்னேன். ஆனா தெனம் சொல்ற மாரியே சொல்லிட்டேன். அது உங்களுக்குத் தெரியாமயே பூடுச்சி."

சொல்லும்போதுதான் எனக்கே அது உறைத்தது. இரண்டு மாதத்தில் அந்தக் கை ஒரு நாள் சரியாக வேலை செய்திருக்கிறது; அந்த ஒரு நாளை நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டுவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. அவர் என்னைத் தேற்றவில்லை. ஸ்டேஷன் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி முழுவதுமாகப் போய் முடிந்தது.

"எந்த வெள்ளிக்கெழம?" என்று கேட்டார்.

"மழ பேஞ்சி எளாவூர் பக்கம் லாரியெல்லாம் நின்னு, எங்க பஸ்ஸு லேட்டா வருதுன்னு போன் வந்துச்சே, அன்னிக்கி."

அவர் கண்ணை மூடி யோசித்தார். "அன்னிக்கி நேரம் இருக்குதேன்னு சேர இழுத்துப் போட்டு உக்காந்துக்கினு ஊத்தினேன்" என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "முழங்கைய டேபிள் மேல வச்சிருந்தேன்" என்றார்.

அவர் துண்டை விலக்கி, வலது முழங்கையைத் தொடைமேல் ஊன்றி, மணிக்கட்டை மட்டும் சாய்த்துப் பார்த்தார். இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்தார். நான் எழுந்து போய் மேல் தட்டிலிருந்து கெட்டிலை எடுத்துக் கழுவிவைத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் உட்கார்ந்துதான் ஊற்றினார். முழங்கை டேபிளில் ஊன்றியிருந்தது; கெட்டிலின் மூக்கு தூளுக்கு நாலு விரல் உயரத்துக்கு மேல் போகவில்லை. நின்றுகொண்டு தூக்கிப் பிடித்தபோது கெட்டிலின் கனம் முழுக்க மூன்று விரலில் இருந்திருக்கிறது. அதனால்தான் தண்ணீர் குதித்திருக்கிறது. இப்போது தண்ணீர் ஒல்லியாக, அறுபடாமல் விழுந்தது. தூள் உப்பியது. அடங்கும்வரை காத்திருந்தார். இரண்டாவது ஊற்றலில் வட்டம் பெரிதாகிக் காகிதத்தில் பட்டுவிட்டது.

"எப்டி கீது?"

"நேத்து மாரி... இல்ல, முன்ன மாரி புளிப்பு இல்ல. ஆனா தண்ணியா கீது. கடசில ஓரமா வழிஞ்சிடுச்சி" என்றேன்.

"ம்" என்று சொல்லிவிட்டுப் புனலைக் கழுவப் போனார்.

அதற்குப் பிறகு தினமும் உள்ளதைச் சொன்னேன். முதலில் சொல்வது கஷ்டமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. வட்டம் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டார். ஒரேயடியாக ஊற்றினால் கை களைத்துப்போகிறது என்று நான்கு தடவையாகப் பிரித்தார். நடுவில் கையை டேபிளில் கிடத்தி ஓய்வு கொடுப்பார். மகளிடம் கேட்டபோது, அப்படிப் பிரித்து ஊற்றுகிறவர்களும் உண்டு, ரொம்ப நேரம் விட்டால் மட்டும் சூடு குறைந்துவிடும் என்றாள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் நன்றாக வந்தது. பிறகு மூன்று நான்கு நாள். பயிற்சிக்குத் திரும்பவும் போக ஆரம்பித்தோம். அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வீட்டுல இன்னா சார் பண்றீங்க?" என்று கேட்டாள். "காப்பி போடறேன்" என்றார். அவள் சிரித்தாள்; அவர் சிரிக்கவில்லை.

கை முழுதாகத் திரும்பி வரவில்லை, வராது என்று இப்போது டாக்டரே சொல்லிவிட்டார். மார்கழிக் குளிரில் விரல் விறைத்துப்போகும். அன்றைக்குக் காப்பி கசப்புதான். பழைய வேலைக்கு அவர் போகவில்லை. அதே தொழிற்சாலையில் டூல் ஸ்டோரில் உட்காரவைத்திருக்கிறார்கள். பிரஸ் ஷாப்பில் ஒவ்வொரு அடி விழும்போதும் அவருடைய மேஜை லேசாக அதிருமாம். போன ஈஸ்டருக்கு என் தம்பி வீட்டில் பந்தியில் உட்கார்ந்தார். கட்டை விரலும் மற்ற இரண்டும் சேர்ந்து சோற்றைப் பிசைந்தன. கொஞ்சம் இலைக்கு வெளியே சிந்தியது. பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அவர் சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்தார்.

இந்த வருடம் டாக்டர் அவருக்குக் காப்பி குடிக்க அனுமதி கொடுத்தார். அன்று காலை இரண்டு கப்பு இறக்கினார். எனக்கொன்று, தனக்கொன்று. முதன்முதலாகத் தான் ஊற்றியதை முழுவதுமாகக் குடித்தார். நான் வாயைத் திறப்பதற்குள், "மூணாவது ஊத்துல கை இழுத்துக்கிச்சி. அங்கதான் கசப்பு வந்திருக்குது" என்றார். சரியாகச் சொன்னார். இனி அவருக்கு என் நாக்கு வேண்டியதில்லை என்று நினைத்தபோது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, எதையோ என் கையிலிருந்து யாரோ வாங்கிக்கொண்டது போலவும் இருந்தது.

ஆனாலும் கேட்கிறார். சில நாள் எங்களுக்குள் ஒத்துப்போவதில்லை. எனக்குப் புளிப்பாகத் தெரிவது அவருக்குச் சரியாக இருக்கிறது. நான் என் கருத்தை மாற்றிக்கொள்வதில்லை, அவரும் மாற்றிக்கொள்வதில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். அவர் புனலிலிருந்து காகிதத்தை எடுத்து, தூள் எப்படிப் படிந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருப்பார்.